சமையலறையும் ஹாலும் ஒன்றாக உள்ள வீடு: எந்த மரத்தரை தாங்கும்? (அவசரம்)

புதுக்குடித்தனம்:
சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் கிடையாது. முழுக்க மரத்தரை போடப் போகிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு நாய். நாளை மறுநாள் ஆர்டர் கொடுக்க வேண்டும். எந்த மரம் நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ரம்பம்:
கீழே என்ன இருக்கிறது? கான்கிரீட்டா, பழைய டைல்ஸா? தரைத்தளமா, மாடியா?

மரப்பித்தன்:
யோசிக்கவே வேண்டாம், ஹிக்கரி. ஜங்கா கடினத்தன்மையில் 1820. வெள்ளை ஓக்கே 1360தான். நாய் நகமெல்லாம் ஒன்றும் செய்யாது.

மூத்தவர்:
தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் இங்கே எப்போதுதான் வருமோ. மரப்பித்தன் தம்பி, ஜங்கா எண் என்பது 11.28 மி.மீ. இரும்புக் குண்டைப் பாதி ஆழத்துக்கு மரத்தில் இறக்கத் தேவையான விசை. பாத்திரம் விழுந்தால் பள்ளமாகுமா என்பதற்கு அது உதவும். நகக் கீறல் விழுவது மேல்பூச்சில். அதற்குள் ஹிக்கரியாம்!

ஈரத்துணி:
மூத்தவர் சொல்வது சரி. அதனால்தான் எண்ணெய்ப் பூச்சு போடுங்கள் என்கிறேன். கீறிய இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் தடவினால் போதும். லாக்கர் (வார்னிஷ் மாதிரி மேலே படலமாகக் காயும் பூச்சு) என்றால் ஒட்டுப்போட்டது தெரியும், முழுத் தரையையும் தேய்க்க வேண்டும்.

மூத்தவர்:
சிங்க் முன்னால் எண்ணெய்ப் பூச்சா? அங்கே தினமும் தண்ணீர் சொட்டும். அடிக்கடி எண்ணெய் தடவ இவர்களுக்கு நேரம் ஏது? பளபளப்பில்லாத மேட் லாக்கர் போடட்டும், கீறலும் அவ்வளவாகத் தெரியாது.

ஈரத்துணி:
என் வீட்டுச் சமையலறையில் எண்ணெய்ப் பூச்சுதான். நன்றாகவே இருக்கிறது.

மூத்தவர்:
உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா?

ரம்பம்:
அந்தச் சண்டை அப்புறம். புதுக்குடித்தனம், மரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? முழு மரமா, எஞ்சினியர்டா, லேமினேட்டா?

புதுக்குடித்தனம்:
தெரியவில்லை. சாம்பிளின் பின்னால் 12 எம்எம், ஏசி4 என்று இருக்கிறது. ஓக். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார் கடைக்காரர்.

ரம்பம்:
ஏசி4 என்று போட்டிருந்தால் அது லேமினேட். ஓக் என்பது மேலே அச்சடித்த படம். ஏசி எண் தேய்மானத்துக்கானது, தண்ணீருக்கு அல்ல. உள்ளே இருப்பது அழுத்திய மரநார்ப் பலகை. இணைப்பு வழியாக நீர் இறங்கினால் ஓரம் உப்பிவிடும், திரும்ப அமுங்காது. தேய்த்துச் சரிசெய்யவும் முடியாது. தேங்கிய நீரை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

நிஜ மரம்தான் வேண்டும் என்றால் எஞ்சினியர்ட் பாருங்கள். அடியில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால், ஈரப்பதம் மாறினாலும் முழு மரம் அளவுக்கு விரிந்து சுருங்காது. மேல் மரம் 4 மி.மீ. இருந்தால் பின்னாளில் தேய்த்து மறுபூச்சு கொடுக்கலாம். 1 மி.மீ. என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கீழே என்ன இருக்கிறது என்ற என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மரப்பித்தன்:
எஞ்சினியர்டிலும் ஹிக்கரி கிடைக்கிறது.

புதுக்குடித்தனம்:
மன்னிக்கவும். தரைத்தளம், புதுக் கான்கிரீட். போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மேலே காய்ந்துதான் இருக்கிறது.

ரம்பம்:
இதை முதலிலேயே சொல்லக்கூடாதா! ஆர்டரை நிறுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் கான்கிரீட்டின் உள்ளே இருக்கும் ஈரம் மரத்தில் ஏறும். காற்றோட்டம் நன்றாக இருந்தால்கூட முதல் 50 மி.மீ. கனத்துக்கு மி.மீட்டருக்கு ஒரு நாள் என்பது பொதுக்கணக்கு. அதற்கு மேல் கனம் கூடக்கூட இன்னும் மெதுவாகத்தான் காயும். பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் வியர்த்தால் நிச்சயம் ஈரம். வியர்க்காவிட்டாலும் நம்ப முடியாது, ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மரம் விரிய இடம் வேண்டும், அதனால் தரை போடும்போது சுவரோரம் இடைவெளி விடவும் சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்:
தாளுக்கு அடியில் ஒரே தண்ணீர். ஆர்டரைத் தள்ளிவைத்தாயிற்று. நன்றி ரம்பம்.

ஈரத்துணி:
மூத்தவரே, எங்கள் வீட்டில் இரண்டு நாய்.