தெருவில் அடுக்குமாடியும் கடையும்: பகுதி சபை மனுவில் எதைக் கேட்பது?

முப்பதடித்தெரு எழுதியது:

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் ஒரு 30 அடி தெரு. ஒரு கிரவுண்டு தனி வீடுகள் வரிசையாக ஜாயின்ட் வென்ச்சருக்குப் போய் (மனை உரிமையாளருடையது, கட்டுவது பில்டர், வீடுகளைப் பங்கு போட்டுக்கொள்வது), ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் தரைத்தளம்) போட்டு நாலு, அஞ்சு மாடியாக எழும்புகின்றன. புதிதாக வந்த ஒரு கட்டடத்தில் ஸ்டில்ட்டின் முன்பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்து ரெண்டு ஷட்டர் மாட்டிவிட்டார்கள். ஒன்றில் காய்கறி, மாவு விற்கும் கடை. இன்னொன்று ஆன்லைன் டெலிவரிக்கான கிடங்கு. விடியற்காலை 5 மணிக்கே மினி லாரி வந்து நிற்கிறது, பகலெல்லாம் பத்துப் பதினைந்து பைக்குகள்.

வார்டின் ஒரு பகுதி மக்கள் கவுன்சிலரோடு கூடும் பகுதி சபையின் அடுத்த கூட்டத்தில் அவரிடம் கொடுக்க நலச் சங்கம் ஒரு மனு தயார் செய்திருக்கிறது. "இனி இந்தத் தெருவில் நாலு வீட்டுக்கு மேல் கட்ட அனுமதிக்கக் கூடாது, எந்தக் கடைக்கும் லைசென்ஸ் தரக் கூடாது" என்பதுதான் அதன் சாரம். வாடகைக்கு இருப்பவர்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்கள். தெருமுனை அண்ணாச்சி கடையையும் இஸ்திரி வண்டியையும் சேர்த்து எடுக்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். வீட்டை பில்டருக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கும் உரிமையாளர்களும் போட மாட்டார்கள்.

இப்படி ஒரு மனு கொடுத்தால் சட்டப்படி ஏதாவது நடக்குமா? நடக்காது என்றால், எப்படி எழுதினால் நடக்கும்?

அளவுநாடா எழுதியது:

முதல் பாதி நடக்காது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. அது மாநில அரசின் விதி. கவுன்சிலருக்கோ பகுதி சபைக்கோ ஒரு தெருவுக்கு மட்டும் அதைக் குறைக்கும் அதிகாரம் கிடையாது. குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது உண்மைதான். திருவான்மியூருக்குத் தெற்கே கடலோரத்தில் நிலத்தடி நீர்ப் பகுதி என்று ஒதுக்கி வைத்திருப்பது அப்படிப்பட்டது. ஆனால் அது மாஸ்டர் பிளான் (நகரத்துக்கான நீண்டகால வளர்ச்சித் திட்டம்) வழியாக, உப்புநீர் உள்ளே வரும் என்ற காரணத்தோடு வந்தது. "எங்களுக்குக் கூட்டம் பிடிக்கவில்லை" என்பதைக் காரணமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் தெருவின் கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) முன்பு 1.5 ஆக இருந்தபோது 3,600 சதுர அடி கட்டலாம். இப்போது 2.0, அதாவது 4,800. இதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ இருக்கிறது. 9 மீட்டர் முதல் 12 மீட்டருக்குள் உள்ள சாலைக்கு 30 சதவீதம், 12 முதல் 18-க்குள் 40 சதவீதம், 18-க்கு மேல் 50 சதவீதம். உங்கள் தெருவுக்கு 30 சதவீதம் கிடைத்தால் 6,240 சதுர அடி. கூடுதலாகக் கிடைக்கும் 1,440 சதுர அடி என்பது 720 சதுர அடியில் இரண்டு வீடு. நாலு பக்கமும் இடம் விட்ட பிறகு ஒரு கிரவுண்டில் இதை முழுசாகக் கட்டுவது கஷ்டம். பில்டர்கள் பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கேட்பது அதனால்தான்.

எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது அந்த 9 மீட்டரில். 30 அடி என்பது 9.14 மீட்டர். வரம்பைத் தாண்ட 14 சென்டிமீட்டர்தான் மிச்சம். யாரோ ஒருவர் காம்பவுண்டு சுவரைத் திரும்பக் கட்டும்போது அரை அடி வெளியே தள்ளியிருந்தால் அந்த இடத்தில் தெரு 9 மீட்டர் இல்லை. சுவருக்குச் சுவர் டேப் பிடித்து, மனைக்கு முன்னாலும் தெருவின் இரண்டு முனையிலும் அளந்து எழுதி வையுங்கள். டவுன் சர்வே வரைபடத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அது ஆக்கிரமிப்பு. அதை அளந்து எடுக்கச் சொல்வது மாநகராட்சியால் செய்யக்கூடிய வேலை. பகுதி சபையில் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

ஷட்டர்_கணக்கு எழுதியது:

கடை விஷயத்தில் சங்கம் ரெண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

முதலில் உங்கள் தெருவின் நிலப் பயன்பாட்டைப் பாருங்கள். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் சர்வே எண் போட்டாலே வந்துவிடும். பிரைமரி ரெசிடென்ஷியல் என்று இருந்தாலும் மளிகை, பால், டீக்கடை, தையல், சைக்கிள் ரிப்பேர் மாதிரி அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளுக்கு இடம் உண்டு. மிக்ஸட் ரெசிடென்ஷியல் என்றால் இன்னும் பெரிய கடைகளும் வரலாம். ஆக, அண்ணாச்சி கடையை மூடச் சொல்ல சட்டத்தில் வழி இல்லை. இருக்கவும் கூடாது. நடந்து போய்க் கால் லிட்டர் எண்ணெய் வாங்க முடிகிற தெருவில்தான் வயதானவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் வாழ முடியும். இஸ்திரி வண்டிக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் பாதுகாப்பு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது.

ஸ்டில்ட்டில் போட்ட ஷட்டர் முழுக்க வேறு கதை. ஸ்டில்ட் எஃப்எஸ்ஐ கணக்கில் சேராததற்கு ஒரே காரணம், அது வண்டி நிறுத்தும் இடம் என்பது. அங்கே சுவர் எழுப்பிய நிமிடமே பார்க்கிங்கும் போச்சு, எஃப்எஸ்ஐயும் மீறியாச்சு. கார் நிறுத்த விதிப்படி 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும், அதாவது சுமார் 8 அடிக்கு 16 அடி. உங்கள் தெருவில் உள்ள ஷட்டர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அந்த அளவுதான் இருக்கும். ஒரு ஷட்டர் ஒரு காரை விழுங்குகிறது. அது முன்பக்கத்தில் இருந்தால் உள்ளே திரும்பும் வழியும் அடைபட்டு இரண்டாவது காரும் தெருவுக்கு வரும்.

தெருவுக்கு வந்தால் என்ன ஆகும்? 9.14 மீட்டரில் இரண்டு பக்கமும் கார் நின்றால் 3.6 மீட்டர் போய்விடும். வாசல் சாய்தளங்கள் பக்கத்துக்கு ஒரு மீட்டர் நீட்டியிருந்தால் காரும் அதைத் தாண்டித்தான் நிற்கும், இன்னொரு 2 மீட்டர் போகும். மிச்சம் மூன்றரை மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் இரண்டரை மீட்டர். ஒரு டெலிவரி பைக் குறுக்கே நின்றால் போதும். 2017 மே 31 அன்று தி. நகர் உஸ்மான் சாலையில் ஜவுளிக்கடை எரிந்தபோது அவ்வளவு பெரிய சாலையிலேயே மறுநாள் வரை அணைக்க முடியவில்லை. உள்தெருவில் யோசித்துப் பாருங்கள்.

டெலிவரி கிடங்கைக் கடை என்று எழுதாதீர்கள். அங்கே வாடிக்கையாளர் யாரும் உள்ளே போவதில்லை, பொருள் வந்து இறங்கி பைக்கில் ஏறுகிறது, அவ்வளவுதான். தொழில் உரிமம் எந்தத் தொழிலுக்கு என்று வாங்கியிருக்கிறார்கள், மின் இணைப்பு எந்த வகை என்று கேளுங்கள். வீட்டு இணைப்பிலோ பொது உபயோக இணைப்பிலோ கடை ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு விதிக்கலாம். சீல் வைக்கும் நோட்டீஸைவிட இது பல இடங்களில் சீக்கிரம் வேலை செய்கிறது.

மேன்ஹோல்_மூடி எழுதியது:

மேலே சொன்னவற்றில் தப்பில்லை. ஆனால் அடர்த்தி கூடினால் ஒன்றும் ஆகாது என்ற தொனி வருகிறது, அது சரியில்லை. பிரீமியம் எஃப்எஸ்ஐக்கு வழிகாட்டி மதிப்பை வைத்துப் பணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் அந்தத் தெருவுக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. வீடு கூடுகிறது, தெரு அப்படியே இருக்கிறது. சங்கத்தின் கோபத்துக்கு நியாயமான காரணம் இதுதான், மனுவில் இது வந்தே ஆக வேண்டும்.

எண்ணிக்கையோடு எழுதுங்கள். இரண்டு தனி வீடு, பத்துப் பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற திட்ட அளவில் 1,350 லிட்டர். அதே இடத்தில் 12 வீடு, 48 பேர் என்றால் 6,480 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாக வெளியே போகும், சுமார் 5,200 லிட்டர்.

இதில் ஒரு எச்சரிக்கை. "குழாய் சின்னது, தாங்காது" என்று எழுதிவிடாதீர்கள், குடிநீர் வாரியப் பொறியாளர் ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுவார். சரியான சாய்வில் இருக்கும் 6 அங்குலக் குழாய் நூற்றுக்கணக்கான வீட்டுக் கழிவைத் தாங்கும். நிஜத்தில் கெடுவது வேறு. பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் இணைப்பில் வேர் நுழைகிறது, நடுவில் எங்கோ மண் இறங்கிக் குழாய் தொய்கிறது, டிபன் கடையின் எண்ணெய் தொய்ந்த இடத்தில் கட்டியாகிறது, மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடையில் விடுகிறார்கள். கடைசியாகச் சொன்னது புதுக் கட்டடத்திலும் நடக்கிறது. 2003-லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், இருந்தாலும் கிணறு வெட்டாமல் பைப்பை நேரே சாக்கடைச் சேம்பருக்குத் திருப்பிவிடுகிறார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். மழை இல்லாத நாளில் காலை 7 மணிக்கு மேன்ஹோல் விளிம்பு வரை கருப்பாக நின்றால் கீழே அடைப்பு அல்லது தொய்வு. மழை பெய்த அரை மணியில் சாம்பல் நிறத்தில், கிட்டத்தட்ட தெளிவாகப் பொங்கினால் மழைநீர் இணைப்பு. மூடியை நீங்கள் திறக்க வேண்டாம், ஆளை இறக்கவே கூடாது. நீரழுத்தத்தால் அடைப்பு எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வரும் நாளில் கூட நின்று, எந்த மேன்ஹோலுக்கும் எந்த மேன்ஹோலுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப அடைக்கிறது என்று கதவு எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு துண்டை மட்டும் தோண்டி மாற்றக் கேட்டால் வார்டு அளவிலேயே முடியும். தெரு முழுக்கப் புதுக் குழாய் கேட்டால் கோப்பு வருஷக் கணக்கில் நகராது.

முப்பதடித்தெரு எழுதியது:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஸ்டில்ட் கடை அனுமதி இல்லாதது என்று எப்படி உறுதி செய்வது? பில்டர் "பிளான்லயே கடை இருக்கு" என்கிறார். அடுத்து, நாலு வீட்டு வரம்பை மனுவிலிருந்து எடுத்தால் சங்கத்தில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

அளவுநாடா எழுதியது:

பிளான்லயே இருக்கலாம், மறுக்க முடியாது. தரைத்தளத்தின் ஒரு பகுதியைக் கடை என்று காட்டி, எஃப்எஸ்ஐ கணக்கில் சேர்த்து, அதற்குத் தனி பார்க்கிங்கும் காட்டி அனுமதி வாங்கியிருந்தால் அது முறையானது. அதனால் முதலில் பிளானைப் பாருங்கள், பிறகு பேசுங்கள். 8 வீட்டுக்கு மேலும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையாகவும் இருந்தால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம், அனுமதித்த பிளான் தமிழ்நாடு ரெரா இணையதளத்திலேயே கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "விதிமீறல் உண்டா?" என்று கேட்காதீர்கள், அது கருத்து கேட்பது என்று திருப்பி அனுப்புவார்கள். "இந்தக் கதவு எண்ணுக்கு வழங்கிய கட்டட அனுமதி, தரைத்தள வரைபடம், பார்க்கிங் அட்டவணை ஆகியவற்றின் நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். சின்னக் குடியிருப்புகளுக்கு மாநகராட்சியே அனுமதி தரும், பெரியவை சிஎம்டிஏ. எந்த அலுவலகம் என்பது கட்டட வாசலில் வைத்த அனுமதிப் பலகையில் இருக்கும். தெரியவில்லை என்றால் இரண்டுக்கும் போடுங்கள். பிளானில் அந்த இடம் வண்டி நிறுத்த என்று இருந்தால், 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நடவடிக்கை கேட்டு, வரைபடத்தையும் ஷட்டர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி மனு கொடுங்கள்.

விலகுவேன் என்பவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். வீட்டு எண்ணிக்கை வரம்பு கேட்க வேண்டிய இடம் 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் கருத்துக் கேட்பு. அதைத் தனி மனுவாக அங்கே அனுப்பட்டும், யாரும் தடுக்கவில்லை. பகுதி சபை மனுவில் தெரு அகல அளவீடு, ஸ்டில்ட், கிடங்கின் ஏற்று இறக்கு நேரம், அடைக்கும் குழாய்த் துண்டு, இவை நான்கு மட்டும் இருக்கட்டும். வாடகைக்காரரும் கையெழுத்துப் போடுவார், அண்ணாச்சியும் போடுவார்.

ஷட்டர்_கணக்கு எழுதியது:

ஏற்று இறக்கு நேரத்தைத் தெளிவாக எழுதுங்கள். "காலை 7-க்கு முன் வேண்டாம், பைக்குகள் கட்டடத்துக்குள் நிற்க வேண்டும், ஜெனரேட்டர் இருந்தால் புகைக்குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது" என்று மூன்றே வரி. அதன் நகலைக் கிடங்கு நடத்துபவருக்கும் கொடுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் வார்டு அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பிறகு ஆர்டிஐ போடும்போது அந்தத் தேதி வேண்டியிருக்கும்.