1979 லிங்கன் கான்டினென்டல் வாங்கலாமா? பழைய கார் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ஓஹாயோவில் ஒரு பெரியவர் தன் 1979 லிங்கன் கான்டினென்டல் டவுன் காரை விற்கிறார். எனக்கு வாங்க ரொம்ப ஆசை.

அந்தப் பெரிய உடம்போடு லிங்கன் வந்த கடைசி வருடம் அது. 1980 மாடலில் சுருக்கிவிட்டார்கள். நீளம் 233 அங்குலம், அதாவது பத்தொன்பதரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. 6.6 லிட்டர் வி8 எஞ்சின். வேகத்துக்கான கார் இல்லை, அலுங்காமல் குலுங்காமல் போவதற்கானது. அறுபதுகளின் கன்வர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும்) கான்டினென்டலுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, என் சந்தேகங்கள். முன்விளக்கு மூடிகள் வேக்குவத்தில், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவிசையில் இயங்குபவை. எஞ்சினை அணைத்த கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க மூடி தானாகத் திறந்துகொள்கிறது. கசிவு ரப்பர் குழாயிலா, வேறு எங்காவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதைவிடப் பெரிய கவலை வினைல் கூரை, அதாவது இரும்புக் கூரைமேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை. பின்கண்ணாடியை ஒட்டி அங்கங்கே உப்பியிருக்கிறது. அடியில் தண்ணீர் தங்கித் துரு பிடித்திருக்கலாம். வினைலை உரிக்காமல் துருவின் அளவைக் கணிக்க வழி உண்டா? குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் ஊர் என்பதால் அடிச்சட்டத்தையும் பார்க்க வேண்டும். எந்த இடங்களைத் தட்டிப் பார்ப்பது?

ஓஹாயோவின் கொலம்பஸ் நகரத்துப் பக்கம் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது சனிக்கிழமை கூட வந்து பார்த்தால் பெரிய உதவி. மதியச் சாப்பாடு என் பொறுப்பு.