சடங்குக்கு வாற சனத்துக்குப் பழைய கூத்துக் கொப்பிகளை எப்படிக் காட்டுற?

கேள்வி (களுவாஞ்சிக்குடியிலிருந்து):
எங்கட அப்பப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கினவர். அவர்ர வடமோடிக் கூத்துக் கொப்பி எட்டு, 1978 சூறாவளியில நனைஞ்ச காணி உறுதி, கலியாணப் படங்கள் எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு. போன வைகாசி கண்ணகி அம்மன் சடங்குக்கு வாசிகசாலையில மேசை போட்டு வச்சன். மூன்று நாளிலயும் பதினொரு பேர்தான் வந்த. வெளியில கச்சான் கடையடியில நிண்ட சனத்துக்குக் கணக்கில்ல. அவங்களை எப்படி உள்ள எடுக்கிற?

பதில் (ஆரையம்பதி):
உள்ள எடுக்காதீங்க தங்கச்சி, நீங்க வெளியில போங்க. படங்களைப் பிரதி எடுத்து, கச்சான் கடைக்குப் பக்கத்தில கயிறு கட்டித் தொங்க விடுங்க. பேர் போட வேணாம். "இது ஆர்?" எண்டு மட்டும் எழுதி ஒரு பென்சில் வைங்க. நாங்க அப்படிச் செய்தம். ஒரு அம்மம்மா பத்துப் பேரில ஒன்பது பேரைச் சொன்னா. மறுகா அவட பேரன் வீட்டு அல்பத்தையே தூக்கிட்டு வந்தான்.

பதில் (காரைதீவு):
கூத்துக் கொப்பி பார்க்கிறதுக்கில்ல, கேட்கிறதுக்கு. ஒரு வரவுப் பாட்டை, அதுதான் பாத்திரம் களரிக்கு வரக்குள்ள பாடுறதை, மத்தளத்தோட பாடிப் பதிஞ்சு, அந்தப் பக்கத்தின்ர படத்தோட கியூஆர் ஒட்டுங்க. காணி உறுதியில ஆக்கள்ர பேர், எல்லை எல்லாம் இருக்கும். அதை வெளியில போடாதீங்க. நனைஞ்ச தாளை லேமினேட் பண்ணவே வேணாம், பிறகு பிரிக்க ஏலாது.

களுவாஞ்சிக்குடி:
நன்றி அண்ணா. இரவு மூன்றாம் கொப்பியைத் திறந்தன். ஓரத்தில அப்பப்பா பென்சிலால "இதில மெல்ல" எண்டு எழுதியிருக்கார். மெட்டு சின்னமாமாவுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பதியப் போறம்.