குளிர்கால மாலைகளில் நூலகம்: நீங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

நூல்கண்டு:

வேலை மாறிப் புது ஊருக்கு வந்த முதல் குளிர்காலம் அது. ஐந்து மணிக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பக்கத்துப் பொது நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கையில் ஏதோ ஒரு புத்தகம் இருக்கும். ஆனால் நான் போனது வெளிச்சத்துக்கும் கதகதப்புக்கும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு கூடை நிறையக் கம்பளி நூல். ‘பின்னல் வட்டம், முன்பதிவு வேண்டாம், ஊசியும் நூலும் இங்கேயே கிடைக்கும்’ என்று பலகையில் எழுதியிருந்தது. எனக்குப் பின்னத் தெரியாது. தயங்கி நின்றபோது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

அவர் பேசிய மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. என் விரல்களைப் பிடித்தே முதல் கண்ணியை ஊசியில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு இருபது கண்ணி ஏற்றினேன். இரண்டாவது வரிசை முடித்து எண்ணிப் பார்த்தால் பதினேழு. அவரும் எண்ணினார். பிறகு மொத்தத்தையும் உருவிவிட்டு மறுபடி ஊசியை என் கையில் கொடுத்தார். அதில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. அந்த ஊரில் அவ்வளவு பொறுமையோடு யாரும் என்னிடம் நேரம் செலவழித்ததில்லை.

எட்டாவது வாரம் என் மஃப்ளர் முடிந்தது. காட்டலாம் என்று எடுத்துப் போனால் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நூலகரிடம் கேட்டேன். வாசகர்களைப் பற்றிய விவரத்தை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்றார். அது சரிதான். ஆனால் சீட்டு ஏதாவது கொடுத்தால் சேர்ப்பித்துவிடுவதாகச் சொன்னார். சீட்டில் என்ன எழுதுவது? யோசித்துவிட்டு மஃப்ளரை வரைந்தேன். பக்கத்தில் ஒரு காலி நாற்காலியை வரைந்தேன்.

மூன்றாவது வாரம் அவர் வந்தார். முழங்காலில் கட்டு, ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் என் சீட்டு. மஃப்ளரை வாங்கி முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை விரலால் தடவிப் பார்த்தார். இன்றும் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இப்படி யாரையாவது சந்தித்ததுண்டா?

இரவல் வாசகர்:

படித்ததும் எனக்கு நினைவு வந்தது ‘மனித நூலகம்’. டென்மார்க்கில் 2000ஆம் ஆண்டு ரோஸ்கில்டே விழாவில் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இரவல் வாங்கி அரை மணி நேரம் பேசலாம். மனசில் இருப்பதைக் கேட்கலாம், பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அவர் மறுக்கலாம். எங்கள் நூலகம் இதே முறையை ஒரு குளிர்கால சனிக்கிழமை நடத்தியது.

நான் இரவல் வாங்கியது, முப்பது வயதில் கேட்கும் திறனை இழந்த ஒருவரை. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். “உங்களுக்கு எது கஷ்டம்?” என்று கேட்டேன். ஃபோன், கூட்டம் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். “குளிர்காலம்” என்றார். எல்லோரும் வாயை மஃப்ளரால் மூடிக்கொள்கிறார்கள், சீக்கிரம் இருட்டிவிடுவதால் முகமும் சரியாகத் தெரிவதில்லை. அந்த மூன்று மாதம் தெருவில் தன்னிடம் யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியாது என்றார். நூலகத்துக்குள் வந்தால் எல்லோரும் மஃப்ளரைக் கழற்றிவிடுகிறார்கள், மேலே நல்ல விளக்கு இருக்கிறது. அவர் தினமும் வருவதற்கு அதுதான் காரணமாம்.

அதைக் கேட்டதும் நான் நாற்காலியைத் திருப்பி, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

சன்னலோரம்:

எனக்குப் பறவைகள். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் ‘கிரேட் பேக்யார்டு பேர்டு கவுன்ட்’ பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் உலகம் முழுக்க நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் நூலகம் அந்த வாரம் பைனாகுலர் இரவல் கொடுத்தது. மகளோடு போனேன். மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் கிளையில் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரியும், கற்றுக்கொள்ள ஏற்ற சமயம். அங்கே பதினாறு வயதுப் பையன் ஒருவன் யாரிடமும் பேசாமல் ஓரமாக நின்றான். கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்தே ஒவ்வொரு பறவையாகச் சொல்ல ஆரம்பித்ததும் நாங்கள் எல்லோரும் அவன் பக்கம் நகர்ந்துவிட்டோம். என் மகள் அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அடுத்த ஆண்டு அவனே நடத்தினான்.

நூலகப் பணியாளர்:

பத்துக் குளிர்காலங்களாக இந்த நிகழ்ச்சிகளை நடத்துகிறேன். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன்.

முன்பு வேலை பார்த்த ஒரு நூலகத்தில் எல்லாவற்றுக்கும் இணையத்தில் மட்டுமே முன்பதிவு. இடங்கள் ஒரே நாளில் நிரம்பிவிடும், ஆனால் நிகழ்ச்சியன்று பாதி நாற்காலி காலியாக இருக்கும். கணினி பழக்கமில்லாத பெரியவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். எனக்கு இன்றும் அது உறுத்துகிறது. பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்று நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை 1994லும் சொன்னது, 2022 திருத்தத்திலும் சொல்கிறது. பணம் வாங்காமல் இருந்தால் மட்டும் போதுமா? நுழைவதற்குக் கணினி தேவைப்பட்டால் அதுவும் ஒரு கட்டணம்தானே. ‘முன்பதிவு வேண்டாம்’ என்ற அந்த ஒரு வரிதான் நூல்கண்டை உள்ளே இழுத்தது, கவனித்தீர்களா?

சில நூலகங்களில் 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) பிரகாசமுள்ள விளக்குகள் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் சூரிய ஒளி குறைவதால் சோர்ந்துபோகிறவர்கள் காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்காரலாம். கண் நோய் உள்ளவர்களும் மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். எங்கள் கிளையில் இரண்டு விளக்கை அருகருகே வைத்தோம். ஒரே மேசையில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்த இருவர் இப்போது சேர்ந்து வருகிறார்கள், சேர்ந்து போகிறார்கள்.

அப்புறம் ஒன்று. நிகழ்ச்சி முடிந்த உடனே நாற்காலிகளை அடுக்கக்கூடாது என்று புதிதாக வரும் ஊழியர்களிடம் சொல்வேன். அரை மணி நேரம் அப்படியே விடச் சொல்வேன். பேச வந்தவர்கள் பேச ஆரம்பிப்பதே அப்போதுதான். வெளியே குளிரில் நின்று யாரும் பேச முடியாது, இங்கே முடியும்.

நூல்கண்டு:

உண்மைதான் அக்கா. அந்த அம்மா தன் பேரனின் படத்தை எனக்குக் காட்டியது வட்டம் முடிந்த பிறகுதான். முழங்கால் ஆறிவிட்டது, இப்போதும் வருகிறார். போன வாரம் ஒரு பையன் வாசலில் தயங்கி நின்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினேன்.