ஓவியத்தில் இறந்த பெண்கள் உறங்குபவர்களைப் போலத் தோன்றுவது ஏன்?

கேள்வி:
ஆங்கில ஓவியர் மில்லே 1852-இல் வரைந்து முடித்த ‘ஒஃபீலியா’வை, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண்ணின் ஓவியத்தை, பெரிதாக்கிப் பார்த்தேன். நீரில் மூழ்கும் அப்பெண்ணின் உள்ளங்கைகள் விரிந்திருக்கின்றன, உதடுகள் பாடுவதுபோல் சற்றே பிரிந்திருக்கின்றன. மூச்சுத் திணறலின் சுவடே இல்லை. ஐரோப்பிய ஓவியத்தில் பெண்ணின் சாவு பெரும்பாலும் இப்படி அழகாகவே காட்டப்படுவது ஏன்? சாவைச் சாவாகவே வரைந்தவர்கள் உண்டா?

மறுமொழி 1:
ஒஃபீலியாவுக்கு மாதிரியாகப் படுத்திருந்தவர் உயிரோடு இருந்தார் என்பதே எளிய காரணம். எலிசபெத் சிடால் என்ற அந்தப் பெண் குளியல் தொட்டி நீரில் நெடுநேரம் கிடந்தார். நீர் ஆறாமலிருக்க அடியில் ஏற்றிய விளக்குகள் அணைந்ததை ஓவியர் கவனிக்கவில்லை, சிடாலும் எழுந்திருக்கவில்லை. நோயுற்ற மகளின் மருத்துவச் செலவைத் தந்தை ஓவியரிடம் கேட்கும்படி ஆயிற்று. எல்லோரும் பூக்களை வியக்கிறார்கள்; எனக்கு அந்த விளக்குகள்தான் கண்ணில் நிற்கின்றன. சிடால் 1862-இல் இறந்த பிறகு, அவருடைய கணவரான ஓவியர் ரொசெட்டி அவரை ‘பியாட்டா பியாட்ரிக்ஸ்’ ஓவியத்தில், கண்மூடிப் பரவசத்தில் ஆழ்ந்தவராக வரைந்தார். அழகிய பெண்ணின் மரணமே மிகக் கவித்துவமான பொருள் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846-இல் எழுதியதும் இதே மனப்போக்குதான்.

மறுமொழி 2:
சாவைச் சாவாக வரைந்தவர் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ. ரோமில் ஒரு தேவாலயத்துக்காக அவர் வரைந்த ‘கன்னி மரியாளின் மரணம்’ ஓவியத்தில் உடல் வீங்கியிருக்கிறது, பாதங்கள் மூடப்படாமல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அத்தேவாலயத் துறவியரே அதை ஏற்க மறுத்தார்கள். ஓவியர் ரூபென்ஸின் பரிந்துரையால் இத்தாலியின் மாந்துவா கோமகன் அதை வாங்கினார். இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவிஸ் ஓவியர் ஹோட்லரையும் பாருங்கள்: தம் துணைவி வாலன்டீன் புற்றுநோயால் 1915-இல் இறக்கும்வரை, அந்தப் பெண் படுக்கையில் சரியச் சரிய அவரை வரைந்துகொண்டே இருந்தார். தலையணையில் நிமிர்ந்திருந்த தலை தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் உடல் வெறும் கிடைக்கோடாகிவிடுகிறது.

மறுமொழி 3:
சிதைவைக் காட்டினாலே நேர்மை வந்துவிடும் என்று நான் கருதவில்லை. ஜப்பானின் ‘குசோசு’ ஓவியங்கள் பிணம் அழுகும் ஒன்பது நிலைகளைக் காட்டுகின்றன. துறவியரின் ஆசையை அறுப்பதற்கென்று வரையப்பட்ட அவற்றில், அழுகுவது பெரும்பாலும் பெண்ணுடலே. அங்கும் அவள் பார்ப்பவருக்கான கருவிதான். இத்தாலியச் சிற்பி மதேர்னோ 1600-இல் செதுக்கிய, கழுத்து வெட்டுண்டு இறந்த கிறித்தவத் தியாகி புனித செசிலியாவின் சிலையை இதனோடு ஒப்பிடலாம். கழுத்தில் வெட்டுத் தழும்பு தெளிவாகத் தெரிகிறது. தலையைத் துணி சுற்றியிருக்க, முகமோ தரைப்பக்கம் திரும்பியிருக்கிறது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்த முகம் நமக்குக் கிடைப்பதில்லை.