டாக்கரில் லாராவெல்: வெளியிலிருந்து டேட்டாபேஸ் இணைகிறது, உள்ளிருந்து மறுக்கிறது

குறும்பலகை:

வணக்கம். லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதப்பட்ட பழைய தளம் ஒன்று எங்கள் குழுவின் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ஒருவர் கணினியில் பிஎச்பி 8.1, இன்னொருவர் கணினியில் 8.3. ஒரு மேசையில் ஓடுவது பக்கத்து மேசையில் ஓடுவதில்லை. இந்தப் பஞ்சாயத்துக்கு முடிவுகட்ட எல்லாவற்றையும், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்குள் வைத்துவிடலாம் என்று பேசி, வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

என் கணினியில் விண்டோஸ் 11, அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, டாக்கர் டெஸ்க்டாப். எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஓட வேண்டும் என்று சொல்லும் கம்போஸ் கோப்பில் மூன்று சேவைகள்: வெப் என்ற பெயரில் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், ஆப் என்ற பெயரில் பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம், டிபி என்ற பெயரில் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல். என் கணினியில் ஏற்கெனவே வேறொரு மைஎஸ்கியூஎல் 3306 என்ற போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதால், கன்டெய்னரின் 3306-ஐ வெளியே 3307 என்று திறந்திருக்கிறேன். நிரல் சி டிரைவில் இருக்கிறது. அந்தக் கோப்புறையைத்தான் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்திருக்கிறேன் (உள்ளே தெரியும்படி இணைத்திருக்கிறேன்).

டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் மென்பொருளில் 127.0.0.1, போர்ட் 3307 என்று கொடுத்தால் உடனே இணைகிறது. அதே இரண்டையும் லாராவெல்லின் அமைப்புகள் இருக்கும் என்வி கோப்பில் கொடுத்தால் 2002 என்ற பிழை எண்ணுடன் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றினால் அதே 2002தான், ஆனால் செய்தி வேறு: ‘அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்கிறது. டேட்டாபேஸ் முகவரிக்கும் கோப்புக்கும் என்ன தொடர்பு?

இடையில் டேட்டாபேஸின் ரூட் (தலைமைப் பயனர்) கடவுச்சொல்லை என்வி கோப்பில் மாற்றி, கன்டெய்னரை அழித்துப் புதிதாகத் தொடங்கினேன். பழைய கடவுச்சொல்லைத்தான் இன்னும் ஏற்கிறது. போதாக்குறைக்கு, டேட்டாபேஸே தேவைப்படாத ‘எங்களைப் பற்றி’ பக்கம் திறக்கவும் பல நொடிகள் ஆகின்றன. இவையெல்லாம் ஒரே கோளாறா, தனித்தனியா?

பழந்திண்ணை:

தனித்தனிதான். ஆனாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முதலில் பிழைச் செய்தியை அப்படியே எழுதியதற்கு நன்றி. ‘வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகிறவர்களோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. உங்கள் இரண்டு செய்திகளிலேயே விடை இருக்கிறது.

கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டுமே. உங்கள் விண்டோஸ் கணினி அல்ல, பக்கத்தில் ஓடும் இன்னொரு கன்டெய்னரும் அல்ல. ஆப் கன்டெய்னர் தன்னுடைய சொந்த 3307-ஐத் தட்டுகிறது. அங்கே காது கொடுக்க எந்த நிரலும் இல்லை என்பதால் இணைப்பு மறுக்கப்படுகிறது. உங்கள் டேட்டாபேஸ் மென்பொருளோ விண்டோஸில் ஓடுகிறது, அதற்கு 127.0.0.1 என்பது விண்டோஸ். அங்கே டாக்கர் 3307-ஐத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே எண், இரண்டு வேறு இடங்கள்.

லோக்கல்ஹோஸ்ட் கதை வேறு. அந்தப் பெயரைக் கொடுத்தால் பிஎச்பியின் மைஎஸ்கியூஎல் டிரைவர் டிசிபி, அதாவது நெட்வொர்க் பக்கமே போகாது; ஒரே கணினியில் இருக்கும் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பைத் தேடும். அந்தக் கோப்பு டிபி கன்டெய்னரின் வட்டில் இருக்கிறது. ஆப் கன்டெய்னரில் அது ஏது? அதனால்தான் கோப்பு இல்லை என்று புலம்புகிறது. 127.0.0.1-உம் லோக்கல்ஹோஸ்டும் ஒன்றுதான் என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறையாவது விழித்திருப்பார்கள்.

என்வி கோப்பில் முகவரியாக டிபி என்று சேவையின் பெயரையே எழுதுங்கள். போர்ட் 3306. மறந்தும் 3307 வேண்டாம். அது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கான எண். கம்போஸ் உங்கள் சேவைகளை ஒரே நெட்வொர்க்கில் சேர்த்துவிடுகிறது, அதற்குள் 127.0.0.11 என்ற முகவரியில் டாக்கரின் சொந்தப் பெயர்ச் சேவை இருக்கிறது. டிபி என்று கேட்டால் அந்தக் கன்டெய்னரின் ஐபி முகவரியை அது சொல்லிவிடும். மாற்றிய பிறகும் பழைய பிழையே வந்தால் லாராவெல்லின் கான்ஃபிக் கேச் (அமைப்புகளின் சேமித்த நகல்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை என்வி கோப்பை லாராவெல் திரும்பிக்கூடப் பார்க்காது.

கம்போஸ் கோப்பைத் திறந்த கையோடு, 3307:3306 என்று இருக்கும் வரியை 127.0.0.1:3307:3306 என்று மாற்றிவிடுங்கள். முகவரி சொல்லாவிட்டால் கணினியின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் டாக்கர் போர்ட்டைத் திறந்துவைக்கும். ரூட் கடவுச்சொல் ‘ரூட்’ என்று வைத்திருக்கும் டேட்டாபேஸ் பொது வைஃபையில் காட்சிக்கு நிற்க வேண்டியதில்லை.

கடவுச்சொல் மாறாததற்குக் காரணம் வால்யூம், அதாவது கன்டெய்னருக்கு வெளியே டாக்கர் தரவைச் சேமிக்கும் இடம். மைஎஸ்கியூஎல் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு), கம்போஸ் தரும் ரூட் கடவுச்சொல்லைத் தரவுக் கோப்புறை காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டுமே படிக்கும். பிறகு எத்தனை முறை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. கன்டெய்னரை அழித்தாலும் வால்யூம் உயிரோடு இருக்கிறது, அதற்குள் பழைய கடவுச்சொல்லும் இருக்கிறது. டேட்டாபேஸுக்குள் நுழைந்து ஆல்டர் யூசர் கட்டளையால் மாற்றுவது ஒரு வழி. தரவு போனாலும் பரவாயில்லை என்றால் கம்போஸ் டவுன் கட்டளையுடன் ‘-வி’ சேர்த்தால் வால்யூமும் போய்விடும். அந்த ஒற்றை எழுத்து கேள்வி கேட்காமல் அழிக்கும். முதலில் ஒரு டம்ப் (தரவின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் ஆமை வேகத்தில் வருவது சி டிரைவால். கன்டெய்னர் ஓடுவது டபிள்யூஎஸ்எல்லின் லினக்ஸ் கர்னலில். நிரல் இருப்பதோ விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில். ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் அந்த எல்லையைக் கடந்து போய்வர வேண்டும். லாராவெல்லின் வெண்டார் கோப்புறையைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள். ‘எங்களைப் பற்றி’ என்ற ஏழைப் பக்கத்துக்கும் அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைத் தொட்டாக வேண்டும். கிட் களஞ்சியத்தை டபிள்யூஎஸ்எல்லுக்குள் உங்கள் ஹோம் கோப்புறையில் புதிதாக க்ளோன் செய்து, எடிட்டரையும் அங்கிருந்தே திறங்கள். வேறெதையும் தொடாமலேயே வேகம் வந்துவிடும். சி டிரைவிலிருந்து இழுத்துப்போட வேண்டாம், க்ளோன்தான். விண்டோஸ் கிட் வரி முடிவுகளை விண்டோஸ் பாணியான சிஆர்எல்எஃப் ஆக மாற்றி வைத்திருந்தால், உங்கள் ஷெல் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும்போதே ‘கோப்பு இல்லை’ என்று லினக்ஸ் சாதிக்கும். அந்தப் பிழையைத் தேடி ஒரு மாலைப் பொழுதைத் தொலைப்பது வீண்.

மையொற்றி:

ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

இவையெல்லாம் சரியான மறுநாள், லாராவெல்லின் லாக் கோப்பில் எழுத அனுமதி இல்லை என்ற பிழை வரும். வந்தே தீரும். எஃப்பிஎம்மின் வேலையாள் நிரல்கள் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடுகின்றன. டெபியன் இமேஜில் அதன் எண் 33, ஆல்பைனில் 82. நீங்களோ கன்டெய்னருக்குள் கட்டளை கொடுக்கும் கம்போஸ் எக்ஸெக் வழியாக, லாராவெல்லின் ஆர்டிசன் கட்டளையை ரூட்டாக ஓட்டுகிறீர்கள். அன்றைக்கு லாக் கோப்பை முதலில் உருவாக்கியது ஆர்டிசன் என்றால், கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், எஃப்பிஎம் வெளியே நிற்கும். இணையத்தில் எங்கே கேட்டாலும் யாரும் எழுதலாம் என்ற 777 அனுமதி கொடு என்பார்கள். அது வேண்டாம். இமேஜைக் கட்டும் டாக்கர்ஃபைலில் உங்கள் பயனர் எண்ணிலேயே, பெரும்பாலும் 1000, ஒரு பயனரை உருவாக்கி எஃப்பிஎம்மையும் ஆர்டிசனையும் அதே பயனராக ஓட்டுங்கள்.

அடுத்தது, டிபி தயாராகும் முன்பே ஆப் எழுந்து மைக்ரேஷனை (டேட்டாபேஸ் அட்டவணைகளை அமைக்கும் வேலையை) ஓட்டி விழுவது. டிபெண்ட்ஸ்-ஆன் என்று வெறுமனே எழுதினால் கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டுமே கம்போஸ் பார்க்கும். சேவை தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, ‘சர்வீஸ் ஹெல்தி’ என்ற நிபந்தனையும் போடுங்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதல் தொடக்கத்தில் மைஎஸ்கியூஎல் இமேஜ், நெட்வொர்க் இல்லாத தற்காலிக சர்வர் ஒன்றை எழுப்பி அமைப்பு வேலைகளை முடிக்கும். சாக்கெட் வழியாகப் பிங் செய்தால் அந்தத் தற்காலிக சர்வரே ‘நலம்’ என்று பதில் சொல்லிவிடும். ஹெல்த்செக்கில் 127.0.0.1 என்று எழுதினால் டிசிபி வழியே கேட்கும், உண்மையான சர்வர் வரும்வரை காத்திருக்கும்.

எதிர்க்காற்று:

நான் கட்சி மாறிப் பேசுகிறேன். பிஎச்பி பதிப்பு வேறுபாடுதான் பிரச்சினை என்றால், ஒரே பதிப்பை எல்லோரும் நிறுவிக்கொண்டால் முடிந்தது. டேட்டாபேஸை மட்டும் கன்டெய்னரில் வைத்துவிட்டு, பிஎச்பியை நேரடியாகக் கணினியில் ஓட்டலாம். அனுமதிச் சண்டை இல்லை, மவுண்ட் வேகக் குறைவு இல்லை, டீபக்கர் (பிழை தேடும் கருவி) தானாக வேலை செய்யும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழந்திண்ணை:

தனி ஆளுக்கு அது போதும், நானும் சொந்த வேலைகளுக்கு அப்படித்தான். குழு என்றால் யார் கணினியில் எந்த பிஎச்பி எக்ஸ்டென்ஷன் இல்லை என்ற கேள்வியில் வந்து நிற்கும். குறும்பலகை தப்பிக்க நினைப்பதே அதிலிருந்துதான்.

பதிப்புப் பேச்சை எதிர்க்காற்று தொட்டதால் ஒன்று ஞாபகம் வருகிறது: டேட்டாபேஸ் இமேஜின் பதிப்பைக் குறிக்கும் டேக்கில் ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாதீர்கள். மைஎஸ்கியூஎல் 8.4-இல் நேட்டிவ் பாஸ்வேர்ட் என்ற பழைய உள்நுழைவு முறை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது, 9.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். ஒருவர் இமேஜைப் புதுப்பித்தால் அவருடைய வால்யூமும் புதிய பதிப்புக்கு மாறிவிடும். பழைய பதிப்பு அதைத் திறக்க மறுக்கும். நேரடி சர்வரில் என்ன பதிப்போ அதையே டேக்கில் எழுதுங்கள்.

குறும்பலகை:

அனைவருக்கும் நன்றி. டிபி, 3306 என்று மாற்றியதும் இணைந்துவிட்டது. நிரலை டபிள்யூஎஸ்எல்லுக்குள் க்ளோன் செய்தேன். பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் வருகிறது. லாக் அனுமதிப் பிழை, மையொற்றி சொன்னபடியே வந்தது! பயனர் 1000 வழியில் சரிசெய்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. பிஎச்பி டீபக்கரான எக்ஸ்டீபக் 3 போட்டிருக்கிறோம். கிளையன்ட் முகவரி ‘ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்’. என் கணினியில், நிறுத்தச் சொல்லிக் குறித்த இடத்தில் (பிரேக்பாயின்ட்) நிரல் நிற்கிறது. உபுண்டுவில் டாக்கர் என்ஜினை மட்டும் நிறுவியிருக்கும் தோழிக்கு நிற்பதில்லை. கம்போஸ் கோப்பு ஒன்றேதான்.

மையொற்றி:

அந்தப் பெயரை டாக்கர் டெஸ்க்டாப் தானாகவே தருகிறது. லினக்ஸில் வெறும் என்ஜின் தருவதில்லை. ஆப் சேவையின் கீழ் எக்ஸ்ட்ரா-ஹோஸ்ட்ஸ் பகுதியில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல் என்ற பெயருக்கு எதிரே ஹோஸ்ட்-கேட்வே என்று எழுதச் சொல்லுங்கள். டாக்கர் 20.10 முதல் இது உண்டு, உங்கள் கணினியிலும் இடைஞ்சல் செய்யாது. அதற்குப் பிறகும் நிற்காவிட்டால் அவர் கணினியின் ஃபயர்வால் எக்ஸ்டீபக் 3-இன் போர்ட்டான 9003-ஐத் தடுக்கிறதா என்றும், எடிட்டரின் பாத் மேப்பிங்கில் கன்டெய்னர் பாதை சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். பழைய வழிகாட்டிகளில் 9000 என்று இருக்கும். அது எக்ஸ்டீபக் 2 காலத்து எண். இப்போது அந்த எண்ணில் எஃப்பிஎம்தான் இருக்கிறது.