கட்டுரை போட்டால் கட்டைவிரல்தான் வருகிறது: பேச வைப்பது எப்படி?

மந்தைவெளி_வாசகன்

ஏழு பேர் கொண்ட வாட்ஸாப் குழு. நாலு பேர் சென்னை, இரண்டு பேர் பெங்களூர், ஒருவர் துபாய். சிற்றிதழ், வார இதழ், ஆங்கில மாத இதழ் என்று யாருக்கு எது பிடிக்கிறதோ அதைப் போடுகிறோம். ஒரு நாளைக்கு நாலைந்து இணைப்பு விழுகிறது. பதிலுக்கு வருவது கட்டைவிரல் மட்டும். அச்சில் மட்டும் வரும் கட்டுரையைப் போட்டோ எடுத்துப் போட்டால், பெரிதாக்கும்போது எழுத்து கலங்கிவிடுகிறது. போன வருஷம் பேசிய கட்டுரையை இப்போது தேடினால் சிக்குவதில்லை. இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வழி சொல்லுங்கள். பழைய இதழ்களை ஸ்கேன் செய்து பகிர்வது சட்டப்படி சரியா என்பதும் தெரிய வேண்டும்.

லஸ்_கார்னர்

நாளுக்கு நாலு இணைப்பு போட்டால் எதையும் யாரும் படிக்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்றே ஒன்று, முறை வைத்து. ஏழு பேர் என்றால் ஏழு வாரத்துக்கு ஒருதரம்தான் ஒருவர் முறை வரும். அதனால் பொறுக்கி எடுத்துப் போடுவார்கள். மிச்ச இணைப்புகளைக் கொட்ட இன்னொரு குழு திறந்துவிடுங்கள். அங்கே பதில் சொல்லும் கடமை யாருக்கும் கிடையாது.

வெள்ளி இரவு கட்டுரை, ஞாயிறு மாலை 7 மணிக்குப் பேச்சு. துபாயில் அப்போது மாலை 5.30, அங்கும் ஞாயிறு விடுமுறைதான், சிக்கலில்லை. ஆனால் அங்கே வாட்ஸாப் கால் வேலை செய்யாது. எனவே எழுத்தில்தான் பேச வேண்டும். அது நல்லதே, பிறகு தேட முடியும். குரல் பதிவைத் தேட முடியாது; அதற்குத் தடை போட்டுவிடுங்கள்.

முக்கியமானது இணைப்போடு போகும் குறிப்பு. "அருமையான கட்டுரை, படிச்சுப் பாருங்க" என்று போட்டால் கட்டைவிரல் வராமல் வேறென்ன வரும்? குறிப்பில் இருக்க வேண்டியவை: யார் எழுதியது, எந்த இதழ், எந்த மாதம், படிக்க எவ்வளவு நேரம், கட்டுரையாளர் சொல்வது ஒரு வரியில், கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "உங்களுக்கு எப்படி இருந்தது?" என்பது கேள்வியில் சேராது. கட்டுரைக்குள் போய்த்தான் பதில் சொல்ல முடியும் என்கிற மாதிரி கேட்க வேண்டும். பள்ளிக்கரணை பற்றி ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம் (எழுதியவர், இதழ், மாதத்தை இங்கே விட்டுவிட்டேன்):

"க17. சதுப்பு நிலம் பற்றி. 20 நிமிடம். ஒக்கியம் மடுவை அகலப்படுத்தினால் வெள்ளம் வடிந்துவிடும் என்கிறார். மடு போய்ச் சேர்வது பக்கிங்காம் கால்வாயில். கால்வாய் அந்த நீரைத் தாங்குமா என்று பத்தி 9-இல் ஒரு வரியோடு நகர்ந்துவிடுகிறார். அது போதுமா?"

இதற்குக் கட்டைவிரல் போட்டால் கேலிக்கு ஆளாவோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த "க17" சும்மா இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் எண் கொடுத்து, பதில் எழுதுபவர்களும் முதலில் அதையே போட வேண்டும். ஒரு வருஷம் கழித்து "க17" என்று தேடினால் மொத்தப் பேச்சும் வரிசையாக வந்து நிற்கும். கூடவே கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல்: எண், தலைப்பு, இதழ், இணைப்பு, தேதி. ஐந்து பத்தி போதும், அதற்கு மேல் வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

புள்ளிவைத்த_எழுத்து

இணைப்பு, ஸ்கேன் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழ்த் தளங்களின் முகவரி சில சமயம் பாம்பு மாதிரி நீளும். தலைப்பு தமிழில் இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்குறியும் முகவரிக்குள் ஒன்பது குறிகளாக மாறும். "தமிழ்" என்ற சொல்லில் எழுத்து, கொக்கி, புள்ளி எல்லாம் சேர்த்து ஐந்து குறி, ஆக நாற்பத்தைந்து. மின்னஞ்சலில் அது பாதியில் உடைந்து, சொடுக்கினால் பக்கம் இல்லை என்று வரும். கேள்விக்குறிக்குப் பிறகு வருவதை வெட்டினால் முகவரி சுருங்கும், பெரும்பாலும் அது விளம்பரக் கண்காணிப்புதான். ஆனால் வெட்டியதும் ஒருமுறை திறந்து பாருங்கள். சில வலைத்தளங்களில் கட்டுரையின் எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். வெட்டினால் முகப்புப் பக்கத்துக்குப் போய்விடும். குழுவில் போடும் அன்றே வேபேக் மெஷினிலும் (இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் தளம்) ஒரு நகல் சேமித்து, அந்த முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சிற்றிதழ்த் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும்.

எழுத்து கலங்குவதற்குக் காரணம், போட்டோவாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கிவிடும். "டாக்குமெண்ட்" வழியாக அனுப்புங்கள், எடுத்தபடியே போகும். எடுக்கும்போது: பகல் வெளிச்சம், ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் கூடாது. வழவழ தாளில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைப் பூசணி. மட்டரகத் தாள் என்றால் பின்பக்க எழுத்து தெரியும். பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் ஒன்றைச் சொருகுங்கள், மறைந்துவிடும். இரண்டு பக்கத்தையும் விரித்து ஒரே படமாக எடுத்தால் நடு மடிப்பில் இருக்கும் எழுத்து வளையும், பக்கத்துக்கு ஒரு படம்.

ஸ்கேன் செயலியில் "கறுப்பு வெள்ளை" வேண்டாம், "கிரே" வையுங்கள், 300 டிபிஐ. கறுப்பு வெள்ளையில் தூசி என்று நினைத்து மெய்யெழுத்தின் புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிடும். "பக்கம்" என்பது "பககம" ஆகிவிடும்.

படத்தை எழுத்தாக மாற்ற, கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும், தமிழ் நன்றாகவே வரும். இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, இரட்டைப் பத்தி அச்சு: இடப்பத்தியின் முதல் வரியும் வலப்பத்தியின் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு அவியலாகும். பத்தி பத்தியாக வெட்டி ஏற்றுங்கள். இன்னொன்று, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. ணை, லை, ளை, னை அப்போது துதிக்கை போட்டு வரும். ணா, றா, னா சுழித்து வரும். மென்பொருள் இவற்றை வேறெதுவாகவோ படிக்கும். கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர வழியில்லை.

இதழே பிடிஎஃப் தருகிறது, அதிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது என்றால் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்தது. யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். எந்த எழுத்துரு என்று பிடிஎஃப்பின் "பிராப்பர்டீஸ்" பக்கத்தில் இருக்கும்.

தம்புச்செட்டி_தெரு

சட்டக் கேள்விக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம் ஆகியவற்றுக்கு நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஏழு பேர் ஒரு கட்டுரையைப் படித்து அலசுவதற்கு இந்தப் பிரிவு ஓரளவு துணை நிற்கும். இந்த மாத இதழை அட்டை முதல் அட்டை வரை ஸ்கேன் செய்து முந்நூறு பேர் இருக்கும் டெலிகிராம் சேனலில் ஏற்றினால் நிற்காது. ஒரு சிற்றிதழ் அந்த ஒரு பிரதி விற்பனையில்தான் அடுத்த இதழுக்குத் தாள் வாங்குகிறது என்பது வேறு கதை. முழுக் கட்டுரையையும் நீங்களே தமிழில் மொழிபெயர்த்துப் பொதுவில் போடுவதற்கும் அனுமதி வேண்டும், மொழிபெயர்ப்பு உரிமையும் எழுதியவருடையதே.

மந்தைவெளி_வாசகன்

மூவருக்கும் நன்றி. இந்த வாரமே எண் போட ஆரம்பிக்கிறோம். ஒரு சந்தேகம்: 60 வருஷம் ஆனால் உரிமை போய்விடும் என்கிறார்களே, அப்படியென்றால் 1960-இல் வந்த "எழுத்து" இதழைத் தாராளமாகப் போடலாமா? பழைய இதழ்கள் சென்னையில் எங்கே பார்க்கக் கிடைக்கும்?

தம்புச்செட்டி_தெரு

போட முடியாது சார். 60 வருஷத்தை இதழ் வெளியான ஆண்டிலிருந்து எண்ணக் கூடாது. எழுதியவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ண வேண்டும். "எழுத்து" ஆசிரியர் சி.சு. செல்லப்பா மறைந்தது 1998-இல். அவருடைய கட்டுரைகளுக்கு 2058 முடிய உரிமை உண்டு. எழுத்தாளர் தேவன் மறைந்தது 1957. அவர் எழுத்துக்கு 2017-ஓடு முடிந்தது. ஆனால் அதே பக்கத்தில் ஓவியர் கோபுலு வரைந்த படம் இருந்தால் அது தனிக் கணக்கு: அவர் மறைந்தது 2015, படத்துக்கு 2075 வரை. பழைய பக்கத்தை அப்படியே படமாகப் போடுவதில் இதுதான் வில்லங்கம். எழுத்தை மட்டும் தட்டச்சு செய்து போட்டால் வராது.

புனைபெயரில் வந்ததற்கு வெளியான ஆண்டிலிருந்து 60. ஆனால் அந்தக் கெடுவுக்குள் ஆள் யாரென்று வெளியே தெரிந்துவிட்டால் மறுபடியும் அவர் மறைவுக் கணக்குதான்.

லஸ்_கார்னர்

இடம் கேட்டீர்களே. முதலில் வீட்டிலிருந்தே தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் தேடுங்கள், இதழ்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறது, இலவசம். அங்கே இல்லாவிட்டால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். போகும் முன் அவர்களது இணையப் பட்டியலில் இதழின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள்; "அறுபதுகளில் வந்த ஏதோ ஒரு இதழ்" என்று கேட்டால் எடுத்துத் தருபவருக்கும் கஷ்டம். எழும்பூர் கன்னிமாரா, நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் சட்டப்படி வந்து சேர வேண்டிய நாலு நூலகங்களில் ஒன்று. சொந்தமாக ஒரு பிரதி வேண்டுமென்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடைகள். வாங்கும் முன் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள், பின் கழன்று உள்தாள் போயிருக்கும்.

புள்ளிவைத்த_எழுத்து

பின் இருந்தாலும் ஸ்கேன் செய்யும் முன் கழற்றிவிடுங்கள். துருப்பிடித்த பின்னை இழுத்தால் தாள் கிழியும். முதுகுப் பக்கம் திருப்பி, மடங்கிய முனைகளை ஸ்பூன் காம்பால் நிமிர்த்திவிட்டு எடுங்கள்.

தம்புச்செட்டி_தெரு

நடுப்பக்கம் உள்ளேதானே முனை மடங்கியிருக்கும்?

புள்ளிவைத்த_எழுத்து

ஆமாம், மாற்றிச் சொல்லிவிட்டேன். முனைகள் நடுப்பக்கத்தில், நிமிர்த்துவது அங்கே, இழுப்பது முதுகிலிருந்து.